பருவங்களைக் கணக்கிட்டவர்

நுழையும்முன்

வரப்போகும் மழையை அறிய விரும்பிய மனிதன் விண்மீன்களை நோக்கினான். எறும்பின் வரிசையையும் தும்பியின் தாழ்வான பறத்தலையும் நோக்கினான். கடந்த ஆண்டுகளின் மழையை அளந்து எழுதி வைத்து, அந்த எண்களிடமே வருங்காலத்தைக் கேட்கலாம் என்னும் எண்ணம் மிகப் பிற்காலத்தது. அவ்வெண்ணத்திற்குக் கணித வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர், இந்திய மழையைக் கணக்கிட வந்த ஓர் ஆங்கிலேயர். மழைக்காக அவர் வகுத்த கணக்கு இன்று வானூர்திகளின் பராமரிப்பிலும் பயன்படுகிறது. அவருடைய வாழ்வை அறிவோம்.

களஞ்சியமும் குளமும்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி நகரை நெருங்குவோர் கண்ணில் முதலில் படுவன மூன்று குன்றுகள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் அம்மூன்றையும் இணைத்து ஓடும் மதில்களே செஞ்சிக் கோட்டை. மராட்டியரின் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் தொகுப்பில் ஒன்றாக 2025ஆம் ஆண்டு இக்கோட்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

தொலைவில் நின்று பார்ப்போர் கோட்டையின் வலிமை மதிலில் உள்ளது என்று எண்ணுவர். உள்ளே நடந்து பார்ப்போர்க்கு வேறொன்று புலப்படும். இராசகிரியின் அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது. கல்யாண மகாலை அடுத்து ஆனைக்குளம் உள்ளது. சற்றுத் தள்ளிச் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் உள்ளன. கோட்டையைக் காத்தவற்றுள் நெல்லுக்கும் நீருக்கும் உரிய பங்கு கல்லுக்குரிய பங்கிற்குக் குறைந்ததன்று. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர்கான் இக்கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த இராசாராம் எட்டு ஆண்டுகள் தாங்கி நின்றார். வியப்பு என்னவெனில், இடையில் பசியால் வாடியது முற்றுகையிட்ட படையே ஆகும். மராட்டியக் குதிரைப்படையினர் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட, 1693இன் தொடக்கத்தில் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

களஞ்சியத்தில் எத்தனை மூட்டை நெல் வைக்க வேண்டும்? மிகுதியாக வைத்தால் புழு அரிக்கும். குறைவாக வைத்தால் உயிர் போகும். குளத்து நீர் எத்தனை மாதத்திற்கு வரும்? அது அடுத்த மழையைப் பொறுத்தது. அடுத்த மழையோ எவர் கையிலும் இல்லை. வருங்காலத் தேவையை அறியாமலேயே இருப்பின் அளவை முடிவு செய்ய வேண்டிய இந்நிலை கோட்டைத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. ஏரிப் பாசனத்தை நம்பிய செஞ்சி வட்டார உழவனுக்கும் பஞ்ச காலத்து ஆட்சியாளனுக்கும் அது பொது. இன்று பல விமானங்களை இயக்கும் நிறுவனத்தில், எத்தனை மாற்று எஞ்சின்களை வாங்கி வைப்பது என்று கணக்கிடும் பொறியாளருக்கும் அதே நிலைதான். இவ்வினாவை ஊகத்திலிருந்து கணக்கிற்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னவர் கில்பர்ட் தாமஸ் வாக்கர்.

வளைதடி வாக்கர்

வாக்கர் 1868ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பொறியாளர். குடும்பம் பின்னர் இலண்டனை அடுத்த குரோய்டனுக்குக் குடிபெயர்ந்தது. புனித பவுல் பள்ளியில் பயின்ற காலத்திலேயே சுழலும் பொருள்களின் மீது அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. தாமே ஒரு சுழல்காட்டியைச் செய்து, அது சாயாமல் நிற்கும் விந்தையை ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1889ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். சீனியர் ராங்ளர் என்று அழைக்கப்படும் அந்த முதலிடம் அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் பேசப்பட்ட பெருமையாகும்.

கடும் படிப்பு உடலை வருத்தியது. நலம் குன்றிய வாக்கர் சில குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்தார். அங்கும் ஓய்ந்திருக்கவில்லை, பனிச்சறுக்கு ஆடக் கற்றுக்கொண்டார். கேம்பிரிட்ஜ் திரும்பியபின், ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆத்திரேலியப் பழங்குடியினரின் வளைதடியை எறிந்து அது திரும்பி வரும் பாதையை ஆராய்ந்தார். நண்பர்கள் அவரை வளைதடி வாக்கர் என்றே அழைத்தனர். தமிழகத்தின் வளரியும் வளைந்த எறிபடைதான். எனினும் எறிந்தவன் கைக்கே திரும்புவது ஆத்திரேலிய வளைதடியின் தனித்தன்மை. காற்றில் சுழன்று செல்லும் அத்தடியின் இயக்கத்தைச் சமன்பாடுகளால் விளக்கிய அவருடைய கட்டுரை 1897இல் இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. மனிதன் எஞ்சின் பூட்டிய விமானத்தில் பறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட கட்டுரை அது. புல்லாங்குழலின் அமைப்பையும் அவர் ஆராய்ந்தார். பறவைகள் சிறகசைக்காமல் வட்டமிடுவது எப்படி என்பதும் அவர் நெஞ்சை விட்டு அகலாத வினாவாக இருந்தது.

வானிலை அறியாத வானிலை இயக்குநர்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பல இலட்சம் உயிர்களை இழந்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற கொடுமை அது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. பஞ்சத்திற்குப் பின் அத்துறையின் முன் வைக்கப்பட்ட கேள்வி ஒன்றே: அடுத்த பருவமழை பொய்க்குமா என்பதைச் சில மாதங்களுக்கு முன்பே சொல்ல இயலுமா? துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்ட், இமயத்தில் பனி மிகுந்தால் மழை குறையும் என்று கண்டு, 1886 முதல் முறையாக முன்னறிவிப்புகளை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் மேலும் பல காரணிகளைச் சேர்த்தார். ஆனால், 1899இல் நல்ல மழை பெய்யும் என்ற அறிவிப்புக்கு மாறாகக் கடும் வறட்சி வந்தது.

தமக்குப் பின் இப்பதவிக்கு உரியவர் வானிலை வல்லுநர் அல்லர், கணித வல்லுநரே என்று எலியட் கருதினார். அவர் தேர்ந்தெடுத்த வாக்கர், வானிலை இயலை முறையாகப் பயின்றதே இல்லை. 1903இல் இந்தியா வந்து சிறிது காலம் எலியட்டிடம் பயிற்சி பெற்றார். 1904 சனவரியில் இந்திய வான் ஆய்வகங்களின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ராயல் கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார். துறையின் தலைமையகம் அப்போது சிம்லாவில் இருந்தது. சென்னை ஆய்வகமும் 1899 முதல் இயங்கிவரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் அவருடைய ஆளுகையின் கீழ் வந்தன.

அவர் கையில் கிடைத்த பெருஞ்செல்வம் பதிவேடுகள். சென்னையில் 1813 முதலே மழையளவு எழுதி வைக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் வட்டாட்சியர் அலுவலகங்களில் மழைமானிகள் இருந்தன. நாள்தோறும் காலையில் ஓர் ஊழியர் சென்று, குடுவையில் சேர்ந்த நீரை அளந்து, ஏட்டில் குறித்து வந்தார். அந்த ஊழியர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் ஒரு நாள் சோம்பியிருந்தாலும் தொடர் அறுந்திருக்கும். சீரான இடைவெளியில் அளந்து, கால வரிசைப்படி எழுதப்பட்ட இத்தகைய எண்களின் அணியைப் புள்ளியியலார் காலம்சார் தொடர்வரிசை என்பர். நாட்டில் மேதைகளுக்குக் குறைவு நேர்ந்தாலும் ஈடுசெய்துவிடலாம். அறுந்துபோன தொடரை எவராலும் பின்னர் ஒட்ட இயலாது.

எண்ணற்ற கணக்குகள்

வானிலையின் இயற்பியல் அன்று முழுமையாக அறியப்படவில்லை. ஆகவே, காரணத்தை முதலில் கண்டறிந்து, பின்னர் முன்னறிவிக்கும் வழி அடைபட்டிருந்தது. வாக்கர் எதிர்வழியில் சென்றார். உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, ஆற்று வெள்ளம் ஆகியவற்றைத் திரட்டினார். இந்திய மழையோடு எது சேர்ந்து ஏறுகிறது, எது எதிராக இறங்குகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அதற்கு அவர் கையாண்ட கருவி ஒட்டுறவுக் கெழு. இரண்டு தொடர்கள் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கினால் அதன் மதிப்பு ஒன்றை நெருங்கும். ஒன்று ஏற மற்றொன்று இறங்கினால் எதிர்ம ஒன்றை நெருங்கும். உறவே இல்லையெனில் சுழியை ஒட்டி நிற்கும்.

சொல்ல எளிது, செய்யக் கடினம். நாற்பது ஆண்டுப் பதிவுகள் கொண்ட இரு தொடர்களுக்கு ஒரு கெழுவைக் காண்பதற்கே நூற்றுக்கு மேற்பட்ட கூட்டல்களும் பெருக்கல்களும் வேண்டும். கணினி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர் குழு ஒன்று மேசையில் அமர்ந்து கைகளாலேயே இக்கணக்குகளைப் போட்டது. பருவகால வானிலை மாறுபாடுகளின் ஒட்டுறவு பற்றிய வாக்கரின் ஆய்வு வரிசை முழுவதும் அவர்களுடைய உழைப்பின் மேல் நிற்கிறது. தனித்தனிக் காரணிகளுக்கு உரிய எடைகளைக் கணக்கிட்டு, அவற்றைக் கூட்டிப் பருவமழையை முன்கணிக்கும் தொடர்புப் போக்குச் சமன்பாடுகளை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்தியா முழுமைக்கும் ஒரே மழை என்று கொள்வது பொருந்தாது என உணர்ந்து, தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு எனப் பகுதி பகுதியாகப் பிரித்தார்.

இவ்வழியில் ஒரு படுகுழி உண்டு. தற்செயலாக ஒரு பெரிய ஒட்டுறவு தோன்றுவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு உண்டெனக் கொள்வோம். நூறு தொடர்களை ஒப்பிட்டால், எந்த உறவும் இல்லாத நிலையிலும் ஏறத்தாழ ஐந்து ஒப்பீடுகள் உறவு இருப்பது போலக் காட்டிவிடும். அந்த ஐந்தை மட்டும் எடுத்து வெளியிட்டுப் பெருமைப்பட்டுக் கொள்வது எளிது. அக்காலத்தில் பலர் அவ்வாறே செய்தனர். வாக்கர் தம் கணக்கையே ஐயுற்றார். பல ஒப்பீடுகளுள் மிகப் பெரியதை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது, அது உண்மையானது என்று ஏற்பதற்கு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு 1914இல் ஓர் அளவுகோல் வகுத்தார். தம் முடிவுகளுள் பலவற்றை அந்த அளவுகோலால் தாமே தள்ளினார். சூரியக் கரும்புள்ளிகள் பெருகுவதும் குறைவதுமே இந்தியப் பஞ்சங்களுக்குக் காரணம் என்று அன்று பலர் நம்பினர். வாக்கர் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவ்வுறவு முன்னறிவிப்புக்குப் பயன்படும் அளவுக்கு வலிமையுடையதன்று என்று கண்டார். சூரியனையும் மழையையும் இணைக்கலாம் என்ற எதிர்பார்ப்புடனும் ஊக்கம் பெற்றது கொடைக்கானல் ஆய்வகம். அதன் நிருவாகத் தலைவரே இம்முடிவை எழுதியது குறிப்பிடத்தக்கது.

சென்னைத் துறைமுகத்தில்

1913 பிப்ரவரியில் வாக்கர் அலுவல் காரணமாகச் சென்னை வந்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் பணியாற்றிய எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்புகளை அவரிடம் காட்டினார். அந்த எழுத்தர் சீனிவாச இராமானுசன். சுழல்காட்டியும் வளைதடியும் கண்ட வாக்கருக்கு, எண்களின் தூய இயல்பை ஆராய்ந்த அக்குறிப்புகள் தம் துறைக்கு அப்பாற்பட்டவை என்பது தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்றே கொண்டார். ஆனால், அதன் தகுதியை உணரத் தவறவில்லை. மறுநாளே, பிப்ரவரி 26இல், சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மடல் எழுதினார். பிழைப்பைப் பற்றிய கவலை இன்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே ஈடுபட அவ்விளைஞருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் என்பது அம்மடலின் சாரம். இராமானுசனிடம் பட்டம் இல்லை என்பது பெருந்தடையாக இருந்த நேரம் அது. சில வாரங்களில் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. மே முதல் நாள் இராமானுசன் முழுநேரக் கணித ஆய்வாளர் ஆனார். இங்கிலாந்தின் ஹார்டி இராமானுசனைக் கண்டறிந்த கதை உலகறிந்தது. சென்னையில் அவருக்குச் சோறும் ஓய்வும் கிடைக்க உதவிய இம்மடலை நினைப்போர் சிலரே.

கடலின் ஊசல்

பலவாயிரம் எண்களுக்கு இடையே வாக்கர் தேடியது இந்திய மழையை. கிடைத்ததோ உலகின் காற்று. பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் காற்றழுத்தம் உயரும் ஆண்டுகளில், இந்தியப் பெருங்கடல் பகுதியில் அழுத்தம் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. துலாக்கோலின் இரு தட்டுகள்போல இரண்டு பெருங்கடல்களின் வளிமண்டலம் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்குவதை அவர் கண்டார். 1924இல் இதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதைப் போன்ற வேறு இரு அலைவுகள் உண்டு என்றும் காட்டினார். எந்தத் தட்டு எப்போது ஏறும், ஏன் ஏறும் என்பதை அவரால் விளக்க இயலவில்லை. காரணம் அறியாத கணக்கு என்று சிலர் குறை கூறினர். அவர் சமன்பாடுகள் தந்த முன்னறிவிப்புகளும் பல ஆண்டுகளில் பொய்த்தன. ஒரு தலைமுறையில் வலிமையாக இருந்த ஒட்டுறவுகள் அடுத்த தலைமுறையில் மெலிந்தன. குறை கூறியோர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும், தெற்கு அலைவு மெலியவில்லை.

செஞ்சி வட்டாரத்திற்கு இதில் ஒரு தனிக்கணக்கு உண்டு. நாட்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையை நம்ப, செஞ்சியின் ஏரிகள் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் எதிர்பார்க்கின்றன. பசிபிக் கடல் வெப்பமடையும் எல்நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மழை குறையும் போக்கு உண்டு. அதே ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்கு மழை மிகும் போக்கு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஓர் ஊசல், இரண்டு விளைவு.

ஏரியின் நினைவு

அரசு 1924இல் வாக்கருக்குச் சர் பட்டம் வழங்கியது. இருபது ஆண்டுப் பணிக்குப்பின் இந்தியாவை விட்டு நீங்கிய அவர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியல் பேராசிரியராகி 1934 வரை பணியாற்றினார். சிம்லாவின் பள்ளத்தாக்குகளுக்கு மேல் கழுகுகள் சிறகசைக்காமல் மிதந்ததைக் கண்ட நாள் முதல் அவர் மனத்தில் இருந்த வினாவிற்கும் விடை எழுதினார். வெயிலால் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றைப் பறவைகள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்னும் அவ்வாராய்ச்சி, எஞ்சின் இல்லாத மிதவை விமானம் ஓட்டுவோர்க்குப் பயன்பட்டது.

ஆனால், பறத்தலுக்கு அவர் அளித்த பெருங்கொடை இதுவன்று. 1927இல் ஜார்ஜ் உட்னி யூல் என்னும் புள்ளியியல் அறிஞர், சூரியக் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையை ஆராய்ந்து ஒரு புதிய கருத்தைச் சொல்லியிருந்தார். அறையில் ஆடிக்கொண்டிருக்கும் ஊசல் ஒன்றின் மீது சிறுவர்கள் பட்டாணிகளை எறிந்தவண்ணம் இருந்தால் என்ன ஆகும்? ஊசல் ஆடுவதை நிறுத்தாது. ஆனால், அதன் ஆட்டம் கடிகாரம் போலச் சீராகவும் இராது. இயற்கையின் பல தொடர்கள் இவ்வகையின என்பது யூலின் கருத்து. வாக்கர் 1931இல் இதை எத்தனை உறுப்புகளுக்கும் பொருந்துமாறு பொதுமையாக்கி, ஆத்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக் காற்றழுத்தப் பதிவில் சோதித்துப் பார்த்தார்.

இதனைச் செஞ்சியின் ஓர் ஏரியைக் கொண்டு விளக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஏரி நீரில் பத்தில் ஒரு பங்கு பாசனத்திலும் வெயிலிலும் குறைகிறது எனக் கொள்வோம். அப்படியானால் இவ்வார நீர் என்பது சென்ற வார நீரில் பத்தில் ஒன்பது பங்கும், இவ்வாரம் புதிதாய்ப் பெய்த மழையும் சேர்ந்தது. மழை எதிர்பாராதது, மீதமோ கணக்கிடத்தக்கது. ஒரு பெருமழையின் விளைவு அடுத்த வாரம் 90 விழுக்காடாகவும், அதற்கடுத்த வாரம் 81 விழுக்காடாகவும், பின்னர் ஏறத்தாழ 73 விழுக்காடாகவும் ஏரியில் தங்கி நிற்கும். ஏரிக்கு நினைவு உண்டு. அந்த நினைவு எவ்வளவு நீளம் என்பதை ஏரியைத் தோண்டிப் பார்க்காமல், நீர்மட்டப் பதிவைக் கொண்டே அறியலாம். ஒரு தொடரை, அதையே ஒரு வாரம், இரு வாரம், மூன்று வாரம் தள்ளி வைத்துத் தன்னோடு தானே ஒப்பிட்டு ஒட்டுறவு காண வேண்டும். அவ்வொட்டுறவுகளுக்கும் தொடரின் உள்ளமைப்புக்கும் உள்ள தொடர்பைத் தருபவையே இன்று யூல்–வாக்கர் சமன்பாடுகள் எனப்படுகின்றன.

வாக்கர் 1958 நவம்பர் 4ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1969இல் நார்வேயில் வேர்கொண்ட வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ், பசிபிக் கடலின் வெப்பமும் தெற்கு அலைவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று விளக்கினார். வாக்கரால் சொல்ல இயலாத காரணம் அவ்வாறு கிடைத்தது. பெருங்கடலுக்கு மேலே கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி என்று அவர் பெயரிட்டார்.

வானூர்திப் பணிமனையில்

அடுத்த ஆண்டு, 1970இல், பாக்ஸ், ஜென்கின்ஸ் என்னும் இருவர் எழுதிய காலத்தொடர் நூல் வெளிவந்தது. யூலும் வாக்கரும் தொடங்கிய முறை அந்நூலின் வழியே தொழில்துறை எங்கும் பரவியது. அதில் எடுத்துக்காட்டாக ஆராயப்பட்ட தொடர்களுள் ஒன்று, பன்னாட்டு விமானங்களில் 1949 முதல் 1960 வரை மாதந்தோறும் சென்ற பயணியர் எண்ணிக்கை. 1949 சனவரியில் 1,12,000ஆக இருந்த அது 1960 திசம்பரில் 4,32,000ஆக உயர்ந்திருந்தது. ஆண்டுதோறும் கோடை மாதங்களில் மேடும், நவம்பரில் பள்ளமும் அத்தொடரில் தெளிவாகத் தெரிகின்றன. நீள்காலப் போக்கு, பருவகால மாறுபாடு, சீரற்ற மாறுபாடு எனப் பிரித்து அறிந்தால், அடுத்த ஆண்டு எத்தனை விமானங்கள் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்.

பராமரிப்பில் இக்கணக்கு இன்னும் நுட்பமானது. விமான எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பநிலை ஒவ்வொரு பயணத்திலும் பதிவாகிறது. உள்ளிருக்கும் தகடுகள் தேயத் தேய, இடைவெளிகள் விரிய விரிய, அதே உந்துவிசைக்கு மிகுதியான எரிபொருள் தேவைப்படும். வெளியேறும் வாயுவின் வெப்பம் மெல்ல ஏறும். ஆனால், மே மாதத்து நண்பகலில் சென்னையில் கிளம்பும் விமானத்திற்கும் சனவரி விடியலில் கிளம்பும் விமானத்திற்கும் வெளிக்காற்றின் சூடே வேறு. எஞ்சினைத் தண்ணீர் கொண்டு கழுவினால் வெப்பம் சற்று இறங்கிப் பின்னர் மீண்டும் ஏறும். பருவத்தின் பங்கையும் கழுவியதன் பங்கையும் நீக்கி, எஞ்சிய ஏற்றத்தை மட்டும் காண வேண்டும். அது எல்லையைத் தொட இன்னும் எத்தனை பயணங்கள் உள்ளன என்று மதிப்பிட்டால், எஞ்சின் பழுதாகி நிற்பதற்கு முன்பே அதனைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பலாம். அதற்குரிய மாற்று எஞ்சினும் அந்நாளில் ஆயத்தமாக இருக்கும்.

உதிரிப் பொருள்களின் கணக்கு வேறு வகை. ஒரு வால்வு ஏழு மாதம் தேவைப்படவே படாது. எட்டாம் மாதம் இரண்டு வேண்டும். பின்னர் நான்கு மாதம் சுழி. இத்தகைய தொடரில் சராசரி காண்பது பயனற்றது. சராசரி ஆறில் ஒரு பங்கு வால்வு என்று வரும். ஆறில் ஒரு பங்கு வால்வை எவரும் வாங்க இயலாது. கிராஸ்டன் என்பவர் 1972இல், தேவை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும், வரும்போது எவ்வளவு வருகிறது என்பதையும் தனித்தனியே கணக்கிடும் முறையைத் தந்தார். வாங்கி வைத்தால் பணம் முடங்குகிறது; வைக்காவிட்டால் ஒரு சிறு பொருளுக்காக ஒரு பெரிய விமானம் தரையில் நிற்கிறது.

இன்றைய விமானம் ஒன்றில் எண்ணற்ற உணரிகள் உள்ளன. அதிர்வு, எண்ணெயின் அழுத்தம், வெப்பம் என நொடிக்கு நொடி எண்கள் குவிகின்றன. சிம்லா எழுத்தர்கள் மாதக்கணக்கில் போட்ட ஒட்டுறவுக் கணக்கைக் கணினி ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. எண்கள் மிகுந்ததால் பொய்யான உறவுகளும் மிகுந்துவிட்டன. பல்லாயிரம் இணைகளை ஒப்பிடும்போது, எந்தக் காரணமும் இன்றியே சில நூறு இணைகள் சேர்ந்தாடுவது போலத் தோன்றும். அவற்றுள் ஒன்றை நம்பி நல்ல எஞ்சினைக் கழற்றினால் பெரும்பொருள் வீண். அவற்றின் இரைச்சலில் உண்மையான எச்சரிக்கையைத் தவறவிட்டால் உயிர்கள் வீண். ஆகவே, ஒப்பீடுகளின் எண்ணிக்கை கூடக் கூட, நம்புவதற்கு உரிய எல்லையையும் உயர்த்த வேண்டும் என்னும் 1914ஆம் ஆண்டின் அளவுகோலை, வெவ்வேறு பெயர்களிலும் வடிவங்களிலும், எஞ்சின் பதிவுகளை ஆராய்வோர் இன்றும் முதலில் பொருத்திப் பார்க்கின்றனர்.